ஆறுதலா கதைப்பம்

காசு கொடுத்துப் படம் பார்க்க வந்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? ஹரிப்பிரியா பார்த்தாள். பக்கத்து நாற்காலியில்தான்.

தூங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தூங்குகிறவன் சிரிப்பானா... அதுவும் திரையில் சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே? அவன் சிரிப்பான், ஒரு மூச்சு கழித்து மண்டபமே சிரிக்கும். மறுபடி அவன் சிரிப்பான்; மறுபடி மண்டபம் சிரிக்கும்.

“லூசு...” என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டாள். மெல்பர்னில் தமிழில் திட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது.

“லூசு இல்லை,” என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே. “எங்கட பக்கம் விசர் எண்டு சொல்லுறது.”

ஹரிப்பிரியாவுக்குக் காது மடல்வரை சூடேறிவிட்டது. எழுந்து போய்விடலாம்தான். ஆனால் வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் இல்லாமல்... எவன் இவன்? எதற்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான்? இது தெரியாமல் போனால் அவளுக்கு ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு பிறவி அவள். கரூரில் அவள் அம்மா, “இவ கேள்வி கேட்டே ஆளைக் கொன்னுடுவா” என்று சொந்தக்காரர்களை முன்கூட்டியே எச்சரித்து வைப்பாள். வேலையும் அதற்கு வாகாகத்தான் அமைந்தது. மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்டுபிடித்தும் விடுவாள்.

அன்றைக்குத் தப்பு அவளுடையது. தான் குடியிருக்கும் வெரிபீயிலிருந்து இரண்டு ரயில் பிடித்து, நல்ல கறிவேப்பிலை கிடைக்கிறது என்று ஸ்பிரிங்வேலுக்கு வந்தவள், மழைக்கு ஒதுங்கியது சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சமூக மண்டபத்தின் வாசலில். அங்கே ஒரு போஸ்டர். கட்டை மீசை, கறுப்புக் கண்ணாடி, சஃபாரி சூட், கையில் துப்பாக்கி. சரிதான், ஏதோ பழைய தமிழ்ப் படம் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். மீசைக்காரன் வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அவன் பேசியது தாய்லாந்து பாஷை. கீழே இங்கிலீஷ் எழுத்து வரவேண்டுமாம். மெஷின் மக்கர் பண்ணிவிட்டது என்று ஒரு அம்மாள் மேடையேறிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

“நீங்க தமிழா?” என்று கேட்டாள். இதைவிட அசட்டுத்தனமான கேள்வி இருக்க முடியாது என்று கேட்ட பிறகு தெரிந்தது.

“ஓம்.”

“உங்களுக்கு இந்தப் பாஷை புரியுதா?”

“விளங்கும்.”

“அப்போ என்ன சொல்றான், கொஞ்சம் சொல்லுங்களேன்...”

அவன் கொஞ்சம் சாய்ந்தான். குரல் தாழ்ந்தது. “இவர் பெரிய முதலாளி ஒருத்தரின்ர பாடிகார்ட். பப்பாசிக்காய்ச் சாலட் சாப்பிட்டவர். மிளகாய் கூடிப்போச்சு. கண்ணால தண்ணி ஓடுது. துடைக்க லேஞ்சி எடுத்த நேரத்தில முதலாளியைத் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். இப்ப ஊர் முழுக்க ‘அழுத பாடிகார்ட்’ எண்டு நக்கல் அடிக்குது. இவர் சொல்லுறார், ‘நான் அழேல்லை, மிளகாய்’ எண்டு.”

ஹரிப்பிரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மானம் போன பாடிகார்ட் வாத்துப் பண்ணையில் காவல் வேலைக்குச் சேர்ந்தான். முதலாளியின் மகள் எதிரிகளிடமிருந்து தப்பி, அதே பண்ணைக்கு வாத்து முட்டை வாங்குகிறவளாக வேஷம் போட்டுக்கொண்டு வந்தாள். சண்டை வந்தது. வாத்துகள் பறந்தன. எல்லாம் தலைகீழாகப் போகிற ஒவ்வொரு சமயமும் மீசைக்காரன் உள்ளங்கையை உயர்த்தி, “ஜை யென் யென்” என்பான். மண்டபம் முழுக்கக் கூடவே கத்தும்.

“இப்போ என்ன சொன்னான்?”

“பக்கத்தில இருக்கிற பிள்ளை மூச்சு விடாமல் கேள்வி கேக்குது எண்டு சொல்லுறார்.”

“அது படத்துல இருக்கா?”

“இல்லை.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “சரி, ‘ஜை யென் யென்’னா என்ன?”

“ஜை எண்டா மனசு. யென் எண்டா குளிர். மனம் குளிரட்டும் எண்டு... இல்லை, அதுவும் இல்லை. அதுக்குச் சரியான சொல் எங்கட தமிழில ஒண்டு இருக்கு.”

“என்ன சொல்?”

வாத்துக் கூட்டம் ஒன்று வில்லன்மேல் பாய்ந்தது. சத்தத்தில் அவன் பதில் காணாமல் போயிற்று. “பிறகு சொல்லுறன்,” என்றது மட்டும் கேட்டது.

“ஏங்க, கண்ணைத் திறந்து பாருங்க. நல்லாத்தான் இருக்கான் மீசைக்காரன்.”

“மீசையோ?” அவன் திடுக்கிட்டான். “இவருக்கு மீசை இருக்கோ?”

கண்ணைத் திறந்தான். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தாற்போல இருந்தது அவளுக்கு. பெரிய, கறுத்த, எல்லாவற்றையும் புதுசாகப் பார்க்கிற கண்கள்... அவை முதலில் திரையைப் பார்த்தன. பிறகு அவளைப் பார்த்தன. பிறகு திரைக்குப் போகவே இல்லை. படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பெயர் அருந்தவன். வெளியே இன்னும் மழை. மண்டபத்து வாசல் கூரையடியில், தாய்லாந்து அம்மாள் விற்ற சூடான வாழைப்பழப் பொரியலை இருவரும் ஒரே காகிதப் பையிலிருந்து எடுத்துத் தின்றார்கள். அங்கேதான் கண் மூடிய கதை வெளியே வந்தது.

“நானும் அம்மாவும் பாங்கொக்கில அகதியா இருந்தனாங்கள். நான் சின்னப் பெடியன். விசா இல்லை, பொலிஸ் பிடிக்கும். அறையை விட்டு வெளியில போகேலாது. பக்கத்து அறையில ஒரு தாய்லாந்து அன்ரி. அவ இந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் போடுவா. நான் சுவரில காதை வைச்சுக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பாஷை படிச்சனான். முழுப் படமும் பாடம்... ஆனால் ஒரு நாளும் கண்ணால காணேல்லை. இண்டைக்குத்தான்.”

“அப்புறம் எதுக்குக் கண்ணை மூடினீங்க?”

“மனசில வேற ஒரு முகம் இருந்தது. பார்த்தா அது போயிடும் எண்டு பயம். வாசலில போஸ்டரைக்கூடப் பார்க்காமல் குனிஞ்சுகொண்டுதான் உள்ள வந்தனான்.”

ஹரிப்பிரியாவிடம் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. அதைக் கேட்காமல் விழுங்கிக்கொண்டாள். சுவரில் காதை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரிக்கப் பழகின ஒரு பையன்... பையில் கடைசியாக இருந்த பொரியலை அவள் அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் தன் குடையை நீட்டினான். ஆரஞ்சு நிறம், ஒரு கம்பி வளைந்தது. “வெரிபீ வரைக்கும் போக வேணும், கொண்டு போங்கோ. என்னைக் காணேல்லையெண்டாலும் அம்மா உந்தச் சந்தைக்குள்ள மரக்கறிக் கடையில நிப்பா, அவவிட்டக் குடுக்கலாம்.” பிறகு, “சரி, நான் போட்டு வாறன்,” என்று விடைபெற்றான்.

“எதைப் போட்டுட்டு வர்றீங்க?”

அவன் சிரித்த சிரிப்பில் தாய்லாந்து அம்மாளே திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் குடையைத் திருப்பித் தர வந்தாள்... மறந்துவிட்டதாகச் சொன்னாள். அதற்கடுத்த வாரமும் மறந்துவிட்டது. குடை மறந்தது, உதட்டுச்சாயம் மட்டும் எப்படியோ ஞாபகம் இருந்தது. அருந்தவன் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். “நீங்களும் என்னை மாதிரித்தான், உள்ள என்ன உடைஞ்சிருக்குன்னு பாக்குற வேலை,” என்றாள். ஒவ்வொரு முறையும், “அந்தச் சொல் என்ன?” என்று கேட்பாள். அவனும், “பிறகு சொல்லுறன்,” என்பான். சொல்லிவிட்டால் இவள் வரமாட்டாளோ என்று அவனுக்குப் பயம். சொல்லிவிட்டால் வர ஒரு சாக்குக் குறையுமே என்று இவளுக்குக் கவலை. நல்ல ஜோடிதான் போங்கள்.

கெடுத்தது ஒரே ஒரு வார்த்தை.

அன்றைக்கு வேலை முடிந்து, நகரத்து ரயில் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மாண்டரின் பழம் உரித்து அவள் கையில் சுளை சுளையாக வைத்துக்கொண்டே, குனிந்தபடி கேட்டான். “உங்களுக்கு வீட்டில கலியாணம் பேசேல்லையோ?”

கேட்டது சாதாரணமாகத்தான். அவன் காது சிவந்திருந்தது மட்டும்தான் சாதாரணமில்லை.

பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. “பேசினாங்க. நிச்சயமே ஆச்சு. மண்டபம் பார்த்து, பத்திரிகையும் அடிச்சாச்சு. அப்புறம் மாப்பிள்ளை வீட்ல வேண்டாம்னுட்டாங்க. ஏன்னு சொல்லல. நானும் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்... எனக்குப் பதில் கிடைக்காத கேள்வி அது ஒண்ணுதான்.”

நின்றுபோன கல்யாணத்தைவிட அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் அவளைப் படுத்தி எடுத்தார்கள். கரூரில் தெருவே ஆறுதல் சொல்ல வந்தது. தப்பித்தோம் என்று மெல்பர்ன் வந்தால், வெரிபீயிலும் ஒரு ஆன்ட்டி கேசரி கிளறிக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்துவிட்டாள். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே சாய்ந்த தலை. ஆறுதல் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அவளுக்கு அந்தக் கேசரி வாசம் வரும், குமட்டும்.

இவன் ஒருவன்தான் அந்த முகத்தோடு பார்க்காதவன். இவனும் இப்போது தலையைச் சாய்த்துவிடுவானோ... அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரி. ரோட்டில் பெரிய விபத்தாம், உடனே வரவேண்டுமாம். அவன் பதறி எழுந்து பையை மாட்டினான்.

“இதை உப்பிடி அந்தரத்தில கதைக்கேலாது, ஹரி. பிறகு ஆறுதலா கதைப்பம், என்ன?”

ஆறுதலா... ஆறுதலாவா? இவனுமா?

“வேண்டாங்க. உங்க ஆறுதல் எனக்கு வேண்டாம்.”

அவன் குழம்பி நின்றான். “ஏன்... இப்பவே கதைக்க வேணுமோ?”

“எப்பவுமே வேண்டாம்.”

கையிலிருந்த சுளைகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வந்து நின்ற வெரிபீ ரயிலில் ஏறிவிட்டாள். கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெரிய கண்கள் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டே நின்றன. அன்றிரவு ஒரு செய்தி வந்தது: “நான் என்ன பிழையாச் சொன்னனான்?” தெரியாத மாதிரி கேட்கிறான் பார் என்று அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. பதில் போடவில்லை. அவனும் மறுபடி எழுதவில்லை. அவனுக்கும் ரோஷம் இருக்காதா?

வாரங்கள் போயின. அவளுடைய வீட்டுத் தோழி ஸ்ருதிதான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், “அந்தக் குடையைக் கொண்டு போய்க் குடு, இல்ல குப்பையில போடு. கதவுக்குப் பின்னாடி நின்னு என்னை முறைக்குது,” என்றாள்.

குப்பையில் போட மனசு வந்தால்தானே. சனிக்கிழமை மத்தியானம் அவள் ஸ்பிரிங்வேல் சந்தைக்குள் நுழைந்தாள். திட்டம் சுலபம். அவன் அம்மாவின் கடையில் குடையை வைப்பது, ஓடி வந்துவிடுவது. அவள் யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

கடையில் ஒரே கூட்டம். அருந்தவனின் அம்மா நாகேஸ்வரி அன்ரி ஒரு கையால் தராசையும் மறு கையால் பேரம் பேசுகிறவர்களையும் சமாளித்துக்கொண்டிருந்தார். மகனுக்கு அந்தக் கண்கள் எங்கிருந்து வந்தன என்பது ஒரே பார்வையில் தெரிந்துபோனது. ஹரிப்பிரியா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சும்மா நிற்க முடியாமல் முருங்கைக்காய்க் கட்டை இழுத்தாள். பாதிக் காய்கள் கீழே சரிந்தன.

“பிள்ளை, ஏன் அந்தரப்படுறீங்கள்? ஆறுதலா எடுங்கோ.”

ஹரிப்பிரியா அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆன்ட்டி... என்ன சொன்னீங்க?”

“ஆறுதலா எடுங்கோ எண்டன்.”

“முருங்கைக்காய்க்கு எதுக்கு ஆன்ட்டி ஆறுதல்?”

நாகேஸ்வரி அன்ரி தராசை விட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “முருங்கைக்காய்க்கு இல்லைப் பிள்ளை, உங்களுக்கு. ஆறுதலா எண்டா அவசரப்படாம, நிண்டு, நிதானமா... உங்கட பக்கம் அப்பிடிச் சொல்லுறேல்லையோ?”

நிதானமாக. அவசரப்படாமல். அப்படியென்றால்... பிறகு ஆறுதலா கதைப்பம்... ஓடுகிற ஓட்டத்தில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது, உட்கார்ந்து, நேரம் எடுத்துப் பேசவேண்டிய விஷயம் என்றல்லவா சொல்லியிருக்கிறான்! ஊரார் எழுதின சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிறாளாம். ஒரு வார்த்தையில் இருந்த தப்பைப் பிடிக்கத் துப்பில்லை. கையில் முருங்கைக்காயோடு அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்ரியின் பார்வை கக்கத்துக்கு இறங்கியது. “உது எங்கட குடையெல்லோ?” குரல் மாறியது. “நீங்கள்தானோ... படம் பார்த்த பிள்ளை?”

“ஆமா ஆன்ட்டி.”

“அவன் சிட்னிக்கு வேலைக்குப் போகப் போறன் எண்டு நிக்கிறான். நோர்த்மீட்டில எங்கட ஆக்கள் வீட்டில அறையும் பார்த்தாச்சு. திங்கட்கிழமை முடிவு சொல்ல வேணுமாம். இஞ்ச இருந்து என்ன செய்யிறது எண்டு கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?” அவர் சரிந்த காய்களைப் பொறுக்கி அடுக்கினார். “ஒரு வார்த்தை பிழையாப் போச்சு, அது என்ன வார்த்தையெண்டு தெரியேல்லை எண்டு யோசிச்சு யோசிச்சே மெலிஞ்சு போனான்.”

“இப்போ எங்க ஆன்ட்டி இருக்கார்?”

“எங்க இருப்பான்? அந்த மீசைக்காரனை இண்டைக்கு மறுபடியும் போடுறாங்களாம். மண்டபத்தில இருப்பான்.”

ஹரிப்பிரியா திரும்பினாள்.

“பிள்ளை, மழை தூறுது, குடையைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. ஆறுதலா...”

அதை அவள் கேட்கவில்லை. ஓடினாள்.

மண்டபத்தில் அதே இருட்டு, அதே வாத்துப் பண்ணை. அதே நாற்காலியில் அருந்தவன், கண்ணை மூடிக்கொண்டு. இந்தத் தடவை அவன் யாருக்கும் முன்னால் சிரிக்கவில்லை. பின்னாலும் சிரிக்கவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. அவள் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையிலிருந்து மழைத்துளி ஒன்று அவன் கையில் விழுந்தது.

“என்ன சொல்றான்?” என்று கிசுகிசுத்தாள்.

அவன் கண் திறக்கவில்லை. “இவ்வளவு நாளும் எங்க போனனீங்கள் எண்டு கேக்கிறார்,” என்றான்.

“அது படத்துல இருக்கா?”

“இல்லை.”

திரையில் முதலாளியின் மகள் முட்டைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு மீசைக்காரன் முன்னால் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். மண்டபம் அமைதியாக இருந்தது.

“அவ என்ன சொல்றான்னு நான் சொல்லட்டுமா?” என்றாள் ஹரிப்பிரியா.

“உங்களுக்குத் தாய்லாந்துப் பாஷை தெரியாதே.”

“தெரியாது. யாழ்ப்பாணத் தமிழும் தெரியாம இருந்துச்சு... அதான் வினையே. அவ சொல்றா, ‘நீங்க ஆறுதலா பேசலாம்னதும், நீங்களும் என்னைப் பாத்துப் பரிதாபப்படுறீங்கன்னு நினைச்சுட்டேன். எங்க ஊர்ல ஆறுதல்னா துக்கம் விசாரிக்கிறது’ன்னு.”

“பரிதாபமோ?” என்றான் அவன். “கடவுளே... நான் அண்டைக்கு உங்களைக் கலியாணம் செய்யக் கேக்க வாயெடுத்தனான், ஹரி. ஃபோன் வந்திட்டுது. அதைப் போய் ரயிலடியில, ஓடிக்கொண்டு கேக்கேலுமோ? அதுதான் ஆறுதலா எண்டு...”

திரையில் துப்பாக்கிச் சத்தம். பண்ணை பற்றி எரிந்தது. வாத்துகள் நாலாபக்கமும் பறந்தன. மீசைக்காரன் உள்ளங்கையை உயர்த்தினான். “ஜை யென் யென்!” என்று மண்டபமே கத்தியது.

“அந்தச் சொல் எனக்குத் தெரிஞ்சு போச்சு,” என்றாள் அவள் மெதுவாக. “முருங்கைக்காய் வாங்கப் போன இடத்துல உங்க அம்மா சொன்னாங்க. ஆறுதலா... அதுதானே?”

“ஓம்,” என்றான். “அதுதான்.”

“இன்னும் ஒண்ணு இருக்கு. இதுவும் படத்துல இல்ல.” வழியெல்லாம் அவன் பாஷையில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது, இப்போது நாக்கு தடுமாறியது. “எனக்கு உங்களில... விருப்பம்.”

மூடிய இமைகளுக்கடியிலிருந்து கண்ணீர் வழிந்தது.

“அழறீங்களா?”

“அழேல்லை. மிளகாய்.”

“கண்ணைத் திறங்க அருந்தவன். போயிடமாட்டேன்.”

அவன் திறந்தான். திரைப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கை, அவன் கைக்குள் எப்போது போனதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. பின்வரிசையில் யாரோ “உஷ்” என்றார்கள்.

“சிட்னியை என்ன செய்யிறது?” என்று அவன் காதருகே கேட்டான்.

ஹரிப்பிரியா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு உடனே பதில் தெரிந்தே ஆகவேண்டும் என்ற அவசரம் அவளுக்கு இல்லை.

“அதை ஆறுதலா கதைப்பம்,” என்றாள்.